முன்பள்ளிக் கட்டடமும் மூன்றடி மனிதரும்

இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட இப்பக்கங்களில் ஒரு கட்டட வரைபடத்தை விமர்சிக்கப் புகுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். நடந்ததைக் கூறிவிட்டால் அவ்விந்தை ஓரளவு குறையும்.

நீர்வேலியில் நாங்கள் வாழும் குறிச்சியின் சனசமூக நிலையத்தார் தம் முன்பள்ளிக்குப் புதிய கட்டடமொன்றை எழுப்ப முனைந்துள்ளனர். கனடாவிலும் பிரான்சிலும் வாழும் ஊரவர்கள் பொருளுதவ முன்வந்துள்ளனர். அடிக்கல் இன்னும் நாட்டப்படவில்லை. ஆனால் திறப்புவிழாவன்று திரைநீக்கம் செய்யப்படவுள்ள பெயர்க்கல்லின் வாசகம் எழுதி முடிந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவன், பாடசாலையிலும் தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் அவ்வாசகத்தை என்னிடம் கொண்டுவந்தார்கள். “தம்பி, எழுத்துப் பிழையை மட்டும் பாருங்கோ” என்றார் நிர்வாகசபையின் மூத்தவர் ஒருவர். கல்லில் பதினொரு வரிகள். உபயகாரரின் பெயர், அவர்தம் காலஞ்சென்ற பெற்றோரின் பெயர்கள், தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரின் பெயர்கள், பிரதம விருந்தினருக்காக விடப்பட்ட வெற்றிடம் ஆகிய யாவும் இருந்தன. குழந்தை என்ற சொல்லோ பிள்ளை என்ற சொல்லோ ஓரிடத்திலும் இல்லை. சந்திப் பிழைகள் நான்கினைத் திருத்திக் கொடுத்தேன். வாசகத்தோடு சேர்த்துச் சுருட்டப்பட்டிருந்த வரைபடத்தை அன்றிரவு என்னிடம் வைத்திருக்க அனுமதி கேட்டேன், அவர்களும் மறுக்கவில்லை.

ஒரு நூலைப் படிப்பது போலவே அப்படத்தைப் படித்தேன். இனி எழுதுவது அந்நூலுக்கான மதிப்புரை எனக் கொள்க.

உருவம், உள்ளடக்கம் என்பன பற்றி நம்மிடையே நெடுங்காலமாக வாதம் நடந்துவருகின்றது. அவ்வாதத்தில் எப்பக்கம் நிற்பவரும் ஒரு வினாவைத் தட்டிக்கழிக்க இயலாது: இப்படைப்பு எவரை நோக்கிப் பேசுகின்றது? கதைக்கும் கவிதைக்கும் பொருந்தும் இவ்வினா சுவருக்கும் யன்னலுக்கும் பொருந்தாது போக நியாயமில்லை. முன்பள்ளிக் கட்டடத்தின் வாசகர்கள் மூன்று முதல் ஐந்து வயது வரையானோர். எழுத்தறியாதவர்கள், எனவே அவர்கள் கட்டடத்தையே படிக்கிறார்கள். தரையைக் காலாலும், சுவரைக் கையாலும், கூரையை அதன் வெம்மையாலும் படிக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளையின் உயரம் ஏறத்தாழ 95 சென்ரிமீற்றர். மூன்றடிக்குச் சற்று மேல். ஐந்து வயதில் அது 110 சென்ரிமீற்றர் அளவை எட்டும். கண்ணின் மட்டம் அதற்கும் நான்கங்குலம் தாழ்ந்தது. இந்த எண்களை மனத்தில் இருத்திக்கொண்டு படத்தை விரித்தேன்.

யன்னல்களின் அடிமட்டம் தரையிலிருந்து மூன்றரை அடி. மூன்று வயதினருக்கு அதனூடாகத் தெரிவது கம்பியும் வானமுமே. வெளியே வாழைத் தோட்டம் இருக்கின்றது; குலை தள்ளிய மரங்களுக்கு முட்டுக் கொடுப்போர், பாத்தி கட்டி நீரிறைப்போர், குலைகளைச் சந்தைக்கு ஏற்றுவோர் இருக்கின்றனர். பிள்ளைகளில் பலருக்கு அவர்கள் தாயும் தந்தையும். அவர்களைக் காணாதபடி மறைத்துவிட்டு உள்ளே சுவரில் மிக்கி மவுஸையும் அப்பிள் பழத்தையும் தீட்டுவதற்குத் தனியாகப் பணம் ஒதுக்கப்பட்டிருக்கின்றது. கதவின் தாழ்ப்பாள், கை கழுவும் தொட்டி, குழாய் எல்லாம் வளர்ந்தோரின் அளவுக்கு அமைந்தவை. வாசற்படி ஒவ்வொன்றும் ஏழங்குல உயரம். மூன்றடிப் பிள்ளைக்கு ஏழங்குலப் படி என்பது நம் உயரத்தினருக்கு ஓரடிக்கு மேற்பட்ட படி. நிர்வாகசபையினர் நாள்தோறும் அத்தகைய படிகளில் ஏறியிறங்கிக் கூட்டத்துக்கு வர நேர்ந்தால் அடுத்த கூட்டத்திலேயே கண்டனத் தீர்மானம் நிறைவேறிவிடும்.

மண்டபம் நாற்பத்தைந்து அடி நீளம், இருபதடி அகலம். அதன் ஒரு முனையில் பன்னிரண்டடி ஆழத்தில் மேடை. இக்கட்டடத்தில் மிகுந்த சிரத்தையோடு வரையப்பட்ட பகுதி அதுவே. திரைக்கான வளையங்கள், பக்கப் படிகள், விருந்தினர் வரும் தனிவாயில், எதுவும் மறக்கப்படவில்லை. ஆண்டில் ஒருநாள் பரிசளிப்பு விழா. பிள்ளைகள் நெற்றியில் பொட்டும் தலையில் காகிதக் கிரீடமும் அணிந்து நடுங்கிக்கொண்டு நிற்பர். தாய்மார் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடிப்பர். மற்றை நாட்களில் அதன்மேல் ஏறுவது பிள்ளைகளுக்குத் தடை, விழுந்துவிடுவார்கள் என்பதற்காக. கணக்கைப் பாருங்கள். மண்டபம் தொள்ளாயிரம் சதுர அடி, பிள்ளைகள் இருபத்தைவர், ஆளுக்கு முப்பத்தாறு சதுர அடி. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் குறைந்தபட்ச அளவாகக் கொள்ளப்படுவது பிள்ளையொன்றுக்கு 35 சதுர அடி உள்ளிடம். நாமும் அந்த அளவுக்கு இடத்தைக் கட்டத்தான் போகிறோம். ஆனால் மேடை இருநூற்று நாற்பது சதுர அடியை விழுங்கியபின் பிள்ளைக்கு எஞ்சுவது இருபத்தாறு.

இவ்விடத்தில்தான் உருவம் உள்ளடக்கம் பற்றிய வாதம் என் நினைவுக்கு வந்தது. உள்ளடக்கத்தை மறந்த உருவம் என நாம் கண்டிக்கும் எழுத்திலும் இத்தகைய மேடை இருக்கவே செய்கின்றது. வாசகனுக்கு இடம்விடாது எழுதுபவன் தன் புலமைக்கு அரங்கமைத்துக் கொள்கிறான்.

இரைச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பளிங்குபோல் வழுவழுப்பான ஓடு பதித்த தரை, வெறுஞ்சுவர், மேலே சீற் கூரை. இருபத்தைந்து பிள்ளைகளின் குரல் இம்மூன்றிலும் மோதி எதிரொலித்துத் திரும்பும். ஆசிரியை குரலை உயர்த்துவார். அதற்கு மேலாகப் பிள்ளைகள் உயர்த்துவர். பதினொரு மணிக்குள் எல்லோரும் களைத்துவிடுவர். முன்பள்ளி ஆசிரியைகளின் கோபத்துக்குப் பொறுமையின்மை காரணம் என்போர் ஒருமுறை அத்தகைய மண்டபத்தில் ஒருமணி நேரம் அமர்ந்து பார்க்கவேண்டும். பழைய கிடுகுக் கொட்டிலில் இத்தொல்லை இருக்கவில்லை. ஓலை ஒலியையும் வெம்மையையும் உள்வாங்கிக் கொள்ளும். கறையானும் தீயும் அதன் பகைவர்கள் என்பதையும், அடிக்கடி புதிதாக வேய வேண்டியிருந்தது என்பதையும் நான் அறிவேன். கொட்டிலுக்குத் திரும்புவோம் என்று கூறவில்லை. கூரையின் கீழே ஓலைத் தட்டியோ பன்னப்பாயோ கட்டுவதற்கும், தரையிற் பாய் விரிப்பதற்கும் ஆகும் செலவு மேடைத்திரைக்கு ஆகும் செலவினும் குறைவு. இதைத்தான் கூறுகிறேன்.

இன்னொன்றும் அப்படத்தில் இல்லை: ஒரு மூலை. மண்டபம் ஒரே வீச்சில் முழுவதையும் பார்த்துவிடக்கூடிய நீள்சதுரம். அழுகின்ற பிள்ளை ஒதுங்கவும், இரு பிள்ளைகள் இரகசியம் பேசவும், ஒருவன் சும்மா இருக்கவும் அங்கே இடமில்லை. வங்காளதேசத்தின் ருத்ரபூர்க் கிராமத்தில் 2005 இல் அன்னா ஹெரிங்கர் என்ற பெண் கட்டடக் கலைஞர் ஊர் மக்களோடு சேர்ந்து மண்ணாலும் மூங்கிலாலும் ஒரு பாடசாலையை எழுப்பினார். வகுப்பறைகளின் பின்புறம் பிள்ளைகள் நுழைந்து சுருண்டிருக்கத்தக்க சிறு குகைகளை மண்ணிலேயே குடைந்து அமைத்தார். அதன் படங்களை முதன்முறை கண்டபோது எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது எனக்கு நான்கு வயது. அதற்கு முந்திய மாதங்களில் நான் போன பாலர் பள்ளியின் முற்றத்தில் ஒரு பதுங்குகுழி இருந்தது. விமான ஓசை கேட்டால் அதற்குள் இறங்குவோம். அங்கே ஆசிரியை குனிந்து நிற்கவேண்டியிருந்தது. நாங்கள் நிமிர்ந்து நின்றோம். என் சிறுபராயத்தில் எங்கள் உயரத்துக்கு அளந்து அமைக்கப்பட்ட இடமென்று வேறெதையும் என்னால் நினைவுகூர முடியவில்லை.

சிறு பிள்ளைகளுக்கெனத் தனியிடம் அமைக்கும் எண்ணம் எங்கிருந்து வந்தது என்று சற்றே நோக்குவோம். அதன் வரலாறு உழைக்கும் மக்களின் வரலாற்றோடு பிணைந்தது. றொபேட் ஓவன் 1816 இல் ஸ்கொத்லாந்தின் நியூ லனார்க் பஞ்சாலையில் தொழிலாளரின் சிறு பிள்ளைகளுக்கு ஒரு கூடத்தைத் திறந்தார். அங்கே அடி இல்லை, புத்தகத் திணிப்பு இல்லை; சுவரில் விலங்குகளின் படங்கள் இருந்தன, வெளியே விளையாட முற்றம் இருந்தது. ஓவன் முதலாளியும்தான், தாய்மார் ஆலைக்குத் திரும்புவது அவருக்கு இலாபம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஜேர்மனியில் புரொபெல் 1837 இல் தொடங்கிய ‘குழந்தைத் தோட்டம்’ 1851 இல் பிரஷ்ய அரசினால் தடைசெய்யப்பட்டது. நாத்திகமும் சோசலிசமும் அதில் மணக்கின்றன என்பது குற்றச்சாட்டு. தடை 1860 வரை நீடித்தது. மணலிலும் மரக்கட்டையிலும் விளையாடும் பிள்ளைகளைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது என்றால், இடத்தை அமைப்பதில் எத்துணை அரசியல் உண்டு என்பது விளங்கும்.

மொன்டிசோரி அம்மையாரின் பெயர் யாழ்ப்பாணத்தில் அறியாதாரில்லை. கட்டணம் சற்றுக் கூடிய முன்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் அது விளங்குகின்றது. ஆனால் அவர் 1907 ஜனவரியில் தம் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் திறந்தது உரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். மேசையையும் கதிரையையும் பிள்ளையின் அளவுக்குச் செய்வித்ததும், அலுமாரியைப் பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் வைத்ததும் அந்தக் குடியிருப்பின் பிள்ளைகளுக்காகவே. 1944 இல் அவர் இலங்கைக்கே வந்து பிள்ளையின் முதல் மூன்று ஆண்டுகள் பற்றி முப்பது விரிவுரைகள் ஆற்றினார். எண்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அவர் பெயரை எடுத்துக்கொண்டோம். அவருடைய அலுமாரி இன்னும் நம் பிள்ளைகளின் கைக்கு எட்டவில்லை.

கொழும்பின் வசதிபடைத்த வட்டாரத்தில் 1963-64 இல் ஜெப்ரி பாவா ஒரு மொன்டிசோரிப் பள்ளியை வடிவமைத்தார். அகன்ற கூரையின் கீழே வளைந்து செல்லும் சுவர்கள். நாட்டின் வெயிலையும் மழையையும் உணர்ந்து செய்த வேலை. ஆகவே நம் தீவில் அறிவு இல்லை என்று எவரும் சாக்குக் கூறமுடியாது. அவ்வறிவு நெடுஞ்சாலை வழியே வடக்கே வர ஏன் இத்துணை காலம் பிடிக்கின்றது என்பதே கேள்வி.

போர் முடிந்த ஊர்கள் என்ன செய்தன என்பது நமக்கு இன்னும் நெருங்கிய பாடம். இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியாவுக்கு அருகே வில்லா செல்லா என்ற சிற்றூரில், 1945 வசந்தத்தில், பின்வாங்கிய ஜேர்மன் படை விட்டுச்சென்ற தாங்கி ஒன்றையும் லொறிகளையும் குதிரைகளையும் விற்று, அப்பணத்தில் ஊர்மக்கள் ஒரு பாலர் பள்ளியைக் கட்டத் தொடங்கினர். இடிபாடுகளிலிருந்து கல்லும் ஆற்றிலிருந்து மணலும் எடுத்துவந்தனர். லோரிஸ் மலகுஸ்ஸி என்ற இளம் ஆசிரியர் இச்செய்தி கேட்டுச் சைக்கிளில் அங்கே போனார். பின்னர் அந்நகரத்துப் பாலர் பள்ளிகளின் உயிரானார். இடமே பிள்ளையின் மூன்றாவது ஆசிரியர் என்பது அவர்கள் வளர்த்த கொள்கை. ஆம்ஸ்டர்டாமில் ஆல்டோ வான் ஐக் 1947 முதல் மூன்று தசாப்தங்களில் எழுநூறுக்கு மேற்பட்ட விளையாட்டிடங்களை அமைத்தார். அவற்றுட் பல போரினால் வெறுமையான மனைகளில் எழுந்தவை. அவர் கையாண்டவை மணற்குழி, தாழ்ந்த சீமெந்து விளிம்பு, சில கம்பிகள். விளிம்பு அகலமானது, தாய்மாரும் அமரலாம். நம் ஊரிலும் 2009 இன்பின் வெறுமையான மனைகளுக்குக் குறைவிருக்கவில்லை. பெரும்பாலானவற்றில் இன்று நிற்பவை கலியாண மண்டபங்களும் பூட்டிய மாடிவீடுகளும்.

இதுவரை கூறியவை அளவுகளைப் பற்றியவை. நிர்வாகசபையினர் நல்லவர்கள், யன்னலைத் தாழ்த்தச் சொன்னால் தாழ்த்திவிடுவார்கள். என்னை உறங்கவிடாத கோடு வேறொன்று.

காணியின் முன்புறம் வீதி, பின்புறம் ஓர் ஒழுங்கை. இன்று பின்புறத்தில் இருப்பது கிளுவையும் பூவரசும் நட்ட உயிர்வேலி. படத்தில் அவ்விடத்தே ஆறடி மதில், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வாயிலின்றி ஓடுகின்றது. ஒழுங்கைக்கு அப்பால் வாழ்வோர் தோட்டங்களில் நாட்கூலிக்கு உழைப்பவர்கள். சாதியிலும் அவர்கள் ‘அங்காலைப் பக்கத்தார்’. அவர்களின் பிள்ளைகள் எட்டுப்பேர் நம் முன்பள்ளியில் இருக்கிறார்கள். மதில் எழுந்தபின் அவர்கள் ஒழுங்கையாற் சுற்றிப் பேருந்துகள் விரையும் பருத்தித்துறை வீதிக்கு ஏறி, முன்வாயிலுக்கு வரவேண்டும். மூன்று வயதுப் பிள்ளை தனியே வர இயலாத வழி அது. காலை ஆறு மணிக்கு வெங்காயத் தோட்டத்தில் நிற்கவேண்டிய தாய் எட்டு மணிக்குப் பிள்ளையைக் கைப்பிடித்துக் கூட்டிவரவும் இயலாது. ஒருவரையும் வரவேண்டாம் என்று எவரும் சொல்லப்போவதில்லை. மதில் அதைச் சொல்லிக்கொள்ளும்.

மிகைப்படுத்துகிறேன் என்பவர்களுக்கு: யாழ்ப்பாணத்தில் பிள்ளை எங்கே அமர்வது என்பது என்றுமே மரச்சாமான் பிரச்சினையாக இருந்ததில்லை. 1920களின் இறுதியில் சம ஆசனம், சம போசனம் என்ற கோரிக்கை எழுந்தபோது, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வகுப்பில் மற்றையோர் வாங்கில் அமர்ந்திருக்கத் தாம் தரையில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தனர். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார் அக்கோரிக்கையை ஆதரித்தனர். ஒரே வாங்கில் பிள்ளைகளை இருத்திய குற்றத்துக்காகப் பாடசாலைகள் தீக்கிரையாயின. நான்கடி நீளமான ஒரு பலகைக்காகக் கொளுத்தினார்கள்! டொமினிக் ஜீவா தம் பள்ளிநாளில் பட்ட சாதி அவமதிப்பைத் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார், படித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இன்று எல்லாப் பிள்ளைகளும் பிளாஸ்ரிக் கதிரையில் அமர்கின்றனர். வாங்கிலிருந்த வேறுபாடு வேலிக்குப் போய்விட்டது. ஒவ்வொரு குறிச்சிக்கும் ஒரு வாசிகசாலை, அவ்வாசிகசாலைக்கு ஒரு முன்பள்ளி என நம் கிராமங்கள் அமைந்திருப்பதை ஊர்ப்பற்று என்று மட்டும் விளக்குவது நேர்மையாகாது. மூன்று வயதிலேயே எவரோடு விளையாடலாம் என்பது முடிவாகிவிடுகின்றது. எங்கள் குறிச்சியில் ஒரு வேலியின் குறையினால் அது முடிவாகாமல் இருக்கின்றது. அக்குறையை அடைக்கவே இப்போது பணம் வந்துள்ளது.

உழைக்கும் பெண்ணின் பிள்ளையைப் பற்றிப் பேசுமிடத்து மலையகத்தை மறக்கவியலாது. தேயிலைத் தோட்டங்களில் ‘பிள்ளைக்காம்பரா’ உண்டு. கொழுந்து பறிக்கும் தாய் தன் கைக்குழந்தையை அங்கே விட்டுவிட்டு மலையேறுவாள். நீண்டகாலம் அது ஓர் இருண்ட அறையும் வரிசையாகத் தொங்கும் ஏணைகளும் ஓர் ஆயாவுமாகவே இருந்தது. தோட்டத் துரைக்குத் தேவைப்பட்டவை தாயின் விரல்கள். அவ்விரல்களை விடுவிக்க எவ்வளவு இடம் போதுமோ அவ்வளவே பிள்ளைக்குக் கிடைத்தது. இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்ற பெயரில் பல இடங்களில் நல்ல கட்டடங்கள் எழுந்துள்ளன என்பது உண்மை. எனினும் பிள்ளைக்காம்பராவுக்கு ஒரு பெருமை உண்டு: அது தாயின் வேலைநேரம் முழுவதும் திறந்திருந்தது. நம் முன்பள்ளிகளோ எட்டு மணிக்குத் திறந்து நண்பகலுக்குள் மூடப்படுகின்றன. தாய் மாலைவரை தோட்டத்தில் நிற்கின்றாள். எங்கள் படத்தில் பிள்ளை படுத்துறங்க ஓர் இடமில்லை, உலை வைக்க ஓர் அடுக்களை இல்லை. ஏனெனில் பிள்ளையின் நாள் பன்னிரண்டு மணியோடு முடிந்துவிடும் என்று எண்ணி அது வரையப்பட்டிருக்கின்றது. அங்ஙனம் முடியும் வீடுகள் எவை, முடியாத வீடுகள் எவை என்று எண்ணிப் பார்த்தால் இதுவும் அந்த மதிலின் தொடர்ச்சிதான்.

மராட்டிய நாட்டில் தாராபாய் மோடக் என்ற அம்மையார் 1945 இல் போர்டி என்ற கடற்கரைச் சிற்றூரில் பாலர் பள்ளி நடத்தத் தொடங்கினார். தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பின் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. அவர் பள்ளியைத் தூக்கிக்கொண்டு அவர்களின் முற்றத்துக்குப் போனார். அங்கே, வீடுகளின் நடுவே, கிடைத்ததைக் கொண்டு கற்பித்தார். அங்கன்வாடி என்ற சொல்லுக்கு முற்றத்துப் பள்ளி என்பதே பொருள். 1975 இல் இந்திய அரசு நாடெங்கும் சிறுவர் நிலையங்களை அமைத்தபோது அப்பெயரை எடுத்துக்கொண்டது. அவற்றின் குறைகள் பல. ஆனால் பிறப்பைக் கவனியுங்கள். பிள்ளை வர இயலாதபோது வாயில் நகர்ந்தது.

முற்றம் என்றதும் நம்மவர் சிலர் கண்கலங்கி நாற்சார் வீட்டையும் திண்ணையையும் பாடத் தொடங்குவர். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அந்தத் திண்ணையில் யார் ஏறலாம், யார் முற்றத்தோடு நிற்கவேண்டும் என்பது எழுதாச் சட்டமாக இருந்தது. ஆயினும் வீட்டைக் கட்டிய கொத்தனும் தச்சனும் காற்றையும் வெயிலையும் அறிந்திருந்தனர். அவ்வறிவு உழைப்பாளரின் சொத்து, வீட்டுக்காரனின் சாதியோடு அதையும் எறிந்துவிட வேண்டியதில்லை. சித்திரைப் பிறப்பை ஒட்டியும் ஆவணியிலும் நண்பகற் சூரியன் இக்குடாநாட்டின் உச்சந்தலைக்கு மேல் நிற்கின்றது. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். பின் வாடையும் மாரியும் வடகிழக்கிலிருந்து வரும். ஆகவே தென்மேற்கிலும் வடகிழக்கிலும் தாழ்ந்த திறப்புகள், மழை வரும் பக்கத்தில் ஆழமான தாவாரம், தாவாரத்தின் கீழே ஓரடி உயரக் குந்து. குந்து பிள்ளைக்கு இருக்கை, மேசை, கடை, பேருந்து, எல்லாம். இவற்றைக் கீற வெளிநாட்டுப் பணம் வேண்டியதில்லை.

முற்றம் முழுவதையும் சீமெந்து பூசி, நடுவே இரும்புச் சறுக்கு ஒன்றை மேற்கு நோக்கி நாட்டுவது என்பது படத்திலுள்ள திட்டம். வெயிலேறிய இரும்பில் ஒரு பிள்ளை ஒருமுறைதான் சறுக்கும். வேம்பின் நிழலில் ஒரு குவியல் மணல், சிரட்டை, பனங்கொட்டை, நுங்குக் கோம்பை, ஒரு வாளி நீர் இருந்தால் நாள் முழுவதும் விளையாடும். அந்த வேம்பு விருந்தினரின் வாகனம் நிறுத்தும் இடத்தில் நிற்கின்றது. எனவே படத்தில் அதற்குச் சிவப்புக் கோட்டால் ஒரு பெருக்கற்குறி.

நீரைப் பற்றி மூடிமறைக்கலாகாது. சுண்ணக்கல்லின்மேற் செம்மண் பரந்த வலிகாமத்துக் கிணறுகளில், தோட்டத்துக்கு இடும் உரத்தாலும் மலகூடக் குழிகளாலும் நைத்திரேற்று ஏறிவருவதை ஆய்வாளர் பலகாலம் எடுத்துரைத்துவிட்டனர். கைக்குழந்தைகளுக்கு அது பெருந்தீங்கு. வரைபடத்தில் மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே விடப்பட்ட தூரம் வாகனத் தரிப்பிடத்தின் நீளத்தினும் குறைவு.

இத்தனை குற்றத்துக்கும் நிர்வாகசபையை மாத்திரம் பொறுப்பாக்குவது அற்பத்தனம். 1945 இல் இலவசக் கல்வி வந்தபோது பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை என்றே அதைப் பெருமையுடன் குறித்தார்கள். நடைமுறையில் அரசின் கல்வி ஐந்து வயதிலேயே தொடங்குகின்றது. அதற்கு முந்திய ஆண்டுகள் மாகாண சபை, பிரதேச சபை, கோயில், தேவாலயம், தொண்டு நிறுவனம், சனசமூக நிலையம் எனப் பலர் கையில் சிதறிக் கிடக்கின்றன. இலங்கையின் முன்பள்ளிகளிற் பெரும்பாலானவை அரசு நடத்துபவை அல்ல. ஆசிரியைகள் பெற்றோர் செலுத்தும் பணத்தாலும் ஒரு சிறு கொடுப்பனவாலும் வாழ்கின்றனர். அதைச் சம்பளம் என்று அழைக்க அவர்களே நாணுவர். உரிமையாகக் கிடைக்கவேண்டியது கொடையாக வரும்போது பெயர்க்கல் பெரிதாவதும், மேடை பெரிதாவதும் இயல்பே. கொடுத்தவரைக் காட்டவேண்டுமல்லவா? கனடாவில் இரவுவேலை செய்து பணம் அனுப்பியவரின் அன்பை நான் குறைகூறவில்லை. அவருடைய பிள்ளை அங்கே படிக்கும் பாலர் பள்ளியில் மேடை இருக்கின்றதா என்று அவரையே கேட்குமாறு செயலாளரிடம் கூறினேன். தொலைபேசியிற் கேட்டிருக்கிறார். இல்லையாம், சுவரின் கீழ்ப்பகுதியெல்லாம் கண்ணாடியாம்.

அத்தகவலே என் வாதங்கள் அனைத்தையும்விட வேலை செய்தது என்று நினைக்கிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் யன்னலின் அடிமட்டத்தை ஒன்றரை அடிக்குத் தாழ்த்த ஒப்புக்கொண்டனர். படிகளை நான்கங்குலமாக்கவும், மலகூடத்தை மறுகரைக்கு மாற்றவும் இசைந்தனர். வேம்பு தப்பியது. ஆசிரியை கூட்டத்தின் கடைசி வாங்கில் அமர்ந்திருந்தார்; எவரும் அவரைக் கேட்கவில்லை; நான் கேட்குமாறு கூறியபின், சமையலுக்கு ஒரு மூலை வேண்டும் என்று மட்டும் சொன்னார். அதுவும் குறிக்கப்பட்டது. மேடை மேடையாகவே இருக்கின்றது, இரண்டடி குறைந்து.

பின்மதிலில் ஒரு படலை விடுவோம் என்றபோது சபை அமைதியானது. பாதுகாப்பில்லை என்றார் ஒருவர். நாய் வரும் என்றார் இன்னொருவர். படலை வைப்பதானால் யார் நாள்தோறும் திறந்து பூட்டுவது என்று கேட்டார் பொருளாளர். நான் திறக்கிறேன் என்றேன். பாடசாலைக்குப் போகும் வழிதானே. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள்.

கூட்டம் முடிந்து பின்புறமாகப் போய்ப் பார்த்தேன். வேலியில் ஒரு பொட்டு இருக்கின்றது, மூன்றடி உயரம் இருக்கும். பிள்ளைகளின் தோள் உரசி உரசிக் கிளுவைத் தடிகளின் பட்டை அவ்விடத்தில் வழுவழுப்பாகத் தேய்ந்துள்ளது. அடைப்பதற்கென வெட்டிய கதியால்கள் பக்கத்தில் கிடந்தன. மழை பெய்திருந்தபடியால் அவற்றிற் சில துளிர்விடத் தொடங்கியிருந்தன.